பேரை மாற்றிப் படிக்கச் சொன்னவர்

சுப்பையா அண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டு ஒளிந்திருந்தேன். ஒளிந்திருந்தது அவரிடமிருந்துதான்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளில் செய்தி கேட்டு நிலைகுலைந்து போனேன் என்று தொடங்குவார்கள். நானும் நிலைகுலைந்துதான் கிடந்தேன். ஐம்பத்திரண்டு வயது, தொப்பை, முழங்கால் வலி, பேப்பர் வைக்கும் தட்டுக்குக் கீழே தலை. மூன்று வாரமாக அதுதான் என் உடற்பயிற்சி. தாலுகா ஆபீஸ் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குடையும் பச்சை மப்ளரும் சாலையைக் கடக்க ஆரம்பித்தால், பேப்பர் சிக்கிக்கொண்டது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிடுவேன். அன்று காலை பத்தரை மணிக்குக் கடைப் படியில் காலடிச் சத்தம். இறங்கிவிட்டேன். மேலேயிருந்து பக்கத்து பேக்கரி நாசரின் குரல் வந்தது.

“ஏனுங்ண்ணா, கீழ என்ன பண்றீங்க? சுப்பையா அண்ணன் போயிட்டாருங்க. காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாருங்களாமா.”

எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முழங்கால் என்று நாசரிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நெஞ்சில் முதலில் வந்து உட்கார்ந்தது துக்கம் இல்லை, நிம்மதி. இனிமேல் ஒளிய வேண்டாம். அந்த நிம்மதி நானும் நாசரும் ஷட்டரைப் பாதி இறக்கி முடிக்கும்வரை இருந்தது. அப்புறம் போனது, இன்னும் திரும்பவில்லை.

நம் வாசகர் வட்ட மலரில் என் நகைச்சுவைப் பக்கத்தைச் சிரிக்காமல் புரட்டிக் கடந்துபோகிற உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியும். உங்கள் வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் அவர் கையெழுத்தில்தான் மனு போயிருக்கும். தாலுகா ஆபீஸ் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மடக்கு மேசை, மேலே நீலத் தார்ப்பாய், எதிரே இரண்டு ஸ்டூல். ‘மனு சுப்பையா’ என்றால் அரவேணுவிலிருந்து ஏறி வருகிற பஸ்ஸில் கண்டக்டருக்கே தெரியும். நெற்றியில் மூன்று பட்டை விபூதி. மேசையில் பள்ளிக்கூடப் புத்தகம்போல் பழுப்பு அட்டை போட்ட அரசியல் சாசனம், தமிழில். அதில் மதச் சுதந்திரம் பற்றிய இருபத்தைந்தாம் பிரிவிலிருந்து இருபத்தெட்டு வரை உள்ள தாள்கள் மட்டும் தையல்விட்டுத் தனியாக வந்துவிட்டன. அவ்வளவு தடவை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

அவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். பதினோரு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தார். முதன்முதலாக நான் அவரிடம் ஏன் ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று தடவை படிக்கிறீர்கள் என்று கேட்டபோது சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“நான் பொறந்தப்ப எந்த நாட்டுக்கும் ஆள் இல்ல தம்பி. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. ஒரு கடதாசியாலதான் குடிமகன் ஆனேன். அப்படி வந்தவன் கடதாசிய முழுசாப் படிக்கணுமா இல்லையா?”

நமக்கெல்லாம் குடியுரிமை தாய்ப்பாலோடு வந்துவிட்டது. அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. அவர் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் எங்களையும் பார்க்க வைத்தார். அதில்தான் தொல்லை.

அவருடைய வேலைமுறை ஒன்று உண்டு. ஒரு மதத்துக்காரர் இன்னொரு மதத்துக்காரர்மேல் புகார் எழுதித் தரக் கேட்டு வந்தால், மாட்டேன் என்று சொல்ல மாட்டார். முழுக்கக் கேட்டுக்கொண்டு அழகாக எழுதுவார். எழுதி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இப்ப பேரை மாத்திப் படிக்கிறேன், கேளுங்க” என்பார். மனு அதே மனுதான். ஆனால் புகார் கொடுப்பவர் இடத்தில் அவர்களும் அவர்கள் இடத்தில் இவரும் இருப்பார்கள். கேட்டுவிட்டு, “இதுக்கும் கையெழுத்துப் போடுவீங்கன்னா அதுக்கும் போடுங்க” என்பார். பாதிப்பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். கால்வாசிப்பேர் திட்டிவிட்டுப் போவார்கள். மிச்சமுள்ளவர்கள் உட்கார்ந்து வரிகளை மாற்றச் சொல்வார்கள்.

ஒரு தடவை சர்ச் கமிட்டியிலிருந்து மூன்று பேர் ஆடி மாதத்து ஒலிபெருக்கியைப் பற்றி மனு எழுத வந்தார்கள். நான் பக்கத்தில் வர்க்கி பிஸ்கட்டும் டீயுமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுதி முடித்துப் பேரை மாற்றிப் படித்தார். டிசம்பர் மாதம், ஊர்வலமாக வரும் கேரல் பாட்டு, டிரம்ஸ், தூங்குகிற குழந்தைகள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். மூன்று பேரில் வயதானவர் முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். “அப்ப எப்படித்தாங்க எழுதறது?” என்று கேட்டார். கடைசியில் போன மனுவில் எந்தச் சாமியின் பெயரும் இல்லை. இந்த நேரத்துக்கு மேல் யார் வைத்தாலும் ஒலிபெருக்கி வேண்டாம் என்று ஒரே வரி. அதில் கோயில் பூசாரியும் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் தூக்கம் வேண்டும் அல்லவா.

ஆயுத பூஜைக்கு ஓர் ஆபீஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எனக்கு அங்கிருந்து ஜெராக்ஸ் வேலை வருகிறது. கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்து, ஜீப்புக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கத் தயாராக நின்றார்கள். கவுன்ட்டரில் ஆளில்லை. வெளியே ஒரு முஸ்லிம் அம்மா, மகளின் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வாங்க, பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அண்ணன் உள்ளே போனார். சண்டை போடப்போகிறார் என்று நானும் ஆவலாகப் பின்னாலேயே போனேன். அவர் பயபக்தியோடு கும்பிட்டார். பொரி வாங்கிக்கொண்டார். வாயில் பொரியோடு கிளார்க்கிடம் சொன்னார்: “பூசை நல்லாருக்கு சார். வெளிய ஒரு அம்மா நிக்குது, பன்னெண்டரை பஸ்ஸு. சாமி காத்திருக்கும், பஸ்ஸு காத்திருக்காது.” கிளார்க் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். சந்தனப் பொட்டு வைத்த திரையிலேயே சான்றிதழ் வந்தது.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “அரசாங்கத்துக்கு மதம் இல்ல தம்பி. ஆபீசருக்கு இருக்கும், இருக்கட்டும். டிபன் பாக்ஸ எடுத்துட்டு வர்ற மாதிரி அத எடுத்துட்டு வரக்கூடாது, அவ்வளவுதான்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் இலை நிறுக்கும் கொட்டகையில் வகுப்பு எடுத்ததும் உங்களுக்குத் தெரியும். கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். அன்றைக்கு விடுமுறை, தராசு சும்மா தொங்கும். அந்தத் தராசைக் காட்டித்தான் பாடம். “அரசாங்கம் இது மாதிரி. யாரு கொண்டாந்த இலைன்னு தராசு கேக்கப்படாது. மாரியாத்தாவக் கும்புடுற கை பறிச்சதா, மாதாவக் கும்புடுற கை பறிச்சதான்னு கேக்கப்படாது. எடை மட்டும் சொல்லணும்.” பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “எங்க தராசு யாரு இலைன்னாலும் கொறச்சுத்தானுங்க காட்டும்” என்றாள். கொட்டகை சிரித்தது. அண்ணன்தான் அதிகம் சிரித்தார்.

அந்த வகுப்பைக் கிண்டல் பண்ணி இதே மலரில் ஒரு பக்கம் எழுதினேன். வருகிறவர்கள் சாசனத்துக்கு வருவதில்லை, அவர் கொடுக்கும் பன்னுக்கு வருகிறார்கள் என்று. படித்துவிட்டுக் கடைக்கு வந்தார். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், “மனச்சாட்சிச் சுதந்திரம் இருபத்தஞ்சாவது பிரிவு. நீ இருபத்தாறுன்னு போட்டிருக்க. திருத்திக்க” என்றார். பன் விஷயம் சரிதான் என்றும் சொன்னார்.

விபூதி பூசிக்கொண்டு, மாரியம்மனுக்குத் தீ மிதித்துக்கொண்டு, எல்லாச் சாமிக்காரனுக்காகவும் ஏன் பேசுகிறீர்கள் என்று அவரைக் கேட்காத ஆளில்லை. நானும் கேட்டிருக்கிறேன். “கும்புடுறவனுக்குத்தானே தெரியும், அதத் தடுத்தா எங்க வலிக்கும்னு” என்பார். இதை அவர் எந்தக் குரலில் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். மேடைக் குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லும் குரல்.

இதுவரை எழுதியது சுலபமான பகுதி.

எங்கள் தெருவுக்கு மேலே எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் புஷ்பம் இருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய அப்பா அம்மாவும் அண்ணனைப்போல் கப்பலில் வந்தவர்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, முன்பின் தெரியாத ஒரு ஜெபக்கூட்டத்துப் பெண் பதினோரு நாள் அவளோடு கூட உட்கார்ந்திருந்தாள். நாங்கள் யாரும் போகவில்லை. நானும்தான். புருஷன் போனபிறகு புஷ்பம் ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அவள் வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஒரு மணி நேரம் பாட்டு, கையில் தட்டுகிற சலங்கை வைத்த ஒரு டாம்பரின். எனக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் கடை கிடையாது. அந்த நேரம் நான் தூங்குவேன்.

தெருவில் முதலில் முணுமுணுப்பு வந்தது. ஹார்டுவேர் கடை கோவிந்தராஜ் தலைமையில் ஆறு பேர் அண்ணனிடம் மனு எழுதப் போனார்கள். குடியிருப்பு வீட்டைச் சபையாக்குகிறாள், நிறுத்த வேண்டும் என்று. அண்ணன் எழுதினார். பேரை மாற்றிப் படித்தார். வெள்ளிக்கிழமைதோறும் கோவிந்தராஜ் வீட்டில் பன்னிரண்டு பெண்கள் கூடி, விளக்குப் பூஜை என்ற பெயரில் மணியடித்துப் பாடி, அக்கம்பக்கத்தாரைத் தம் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள்.

“ஏனுங்க, எங்க ஊட்டை எதுக்குங்க இழுக்கறீங்க? வெளக்குப் பூஜையும் அதும் ஒண்ணுங்களா?” என்றார் கோவிந்தராஜ்.

“ஒண்ணில்லீங்க, ரெண்டுதான். சட்டத்துக்குத்தான் ஒண்ணு.”

ஆறு பேரும் எழுந்து நேராகச் சாலையைக் கடந்து என் கடைக்கு வந்தார்கள். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும். டைப் அடிப்பவனுக்கும் மனுவுக்கும் சம்பந்தம் இல்லை, மெஷின் மாதிரிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அடித்துக்கொண்டிருக்கும்போது கோவிந்தராஜ் ஒரு வார்த்தை சொன்னார்: “நீங்க எழுத்தாளருங்க. கொஞ்சம் சூடாப் போட்டு உடுங்க.”

என்னை எழுத்தாளர் என்று நேருக்கு நேர் ஒருவர் சொல்லி வருஷக்கணக்காயிற்று. வீட்டில் என் பெயர் ஜெராக்ஸு. விரல்கள் தாமாகவே ஒரு வரியை அடித்தன: ‘இந்நிலை நீடித்தால் வரும் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக் கோழிகளும் ஞானஸ்நானம் பெற்று அல்லேலூயா என்று கூவும் அபாயம் உள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

ஆறு பேரும் சிரித்தார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன், கூவியும் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலத்துக்குள் அது போட்டோவாக ஊரெல்லாம் போயிற்று. யார் யாரோ எனக்கே அனுப்பினார்கள். நான் எழுதியவற்றிலேயே அதிகம் பேர் படித்தது அந்த ஒரு வரிதான்.

புஷ்பத்துக்கு ஜெனி என்று ஒரு மகள், ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்பெஞ்சு கோழிபோல் கூவியது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில். அந்த வாரக் கடைசியில் அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என் மனைவி சாந்தாமணி பால் வாங்கப் போன இடத்தில் இதைக் கேட்டுவந்து, தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: “உங்க காமெடி நல்லா ஓடுதாமா.”

தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தை வைத்தார்கள். அண்ணன் கண் ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போயிருந்த வாரம். ஒரு பக்கம் நாங்கள் இருபது பேர், மறுபக்கம் புஷ்பமும் இரண்டு பெண்களும். அனுமதி வாங்கும்வரை கூட மாட்டேன் என்று எழுதிய தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். டாம்பரின் சத்தம் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் படுத்தேன். தூக்கம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். நேராக லைனுக்குப் போனார். அங்கே நடந்ததைப் புஷ்பமே பிறகு சொன்னாள். “வீட்டுக்குள்ள கும்புடுறதுக்கு யாருகிட்ட புள்ள பர்மிஷன்? இந்த ஊருல எத்தன பூஜை ரூம் இருக்கு, ஒருத்தராச்சும் கேட்டு வாங்குனாங்களா?” என்று கேட்டிருக்கிறார். “அத்தன பேரு நின்னாங்கய்யா. போடுன்னாங்க, போட்டேன்” என்றிருக்கிறாள். மறுபடி விசாரிக்க வேண்டும் என்று அன்றைக்கே அவள் பெயரில் மனு எழுதி, தேதியும் வாங்கிவிட்டார்.

அப்புறம் என் கடைக்கு வந்தார். எங்கள் மனுவின் நகலை நீட்டி ஒரு காப்பி போடச் சொன்னார். என் பாவத்தை நானே மெஷினில் வைத்து மூடினேன். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போனது.

“கோழி உன்னுதுதானே?”

“நான் டைப் மட்டும்தாங்ண்ணா.”

“இந்த வரிய எழுதத் தெரிஞ்ச ஆளு இந்த டவுனுல ஒருத்தன்தான் தம்பி.” காகிதத்தை மேசைமேல் வைத்தார். “நல்லாத்தான் இருக்கு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அதான் பயமா இருக்கு.”

மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அது எனக்குச் சுலபம். இரண்டு நிமிஷ வேலை.

“வேணாம். மன்னிப்புக் கேட்டா உனக்கு நல்லாருக்கும், அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ கூட்டத்துக்கு வா. எல்லாரு முன்னாடியும் இந்த மனுவ எடுத்து, பேரை மாத்தி, மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் படி. நான் படிச்சா கிழவன் வழக்கமாப் பண்றதுதானேன்னு போயிருவாங்க. எழுதுனவன் படிக்கணும்.”

பார்க்கலாம் என்றேன். இந்த மலையில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவருக்கும் தெரியும். ஆனாலும் தினமும் சாலையைக் கடந்து வந்தார். நான் தினமும் கீழே இறங்கினேன். கோவிந்தராஜ் முகத்தில் எப்படி விழிப்பது, தெருவில் எப்படி நடப்பது என்று எனக்கு நூறு கவலை. ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவனுக்கு ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்ற பயம் எவ்வளவு பெரிது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாசர் அந்தச் செய்தியோடு வந்து நின்றான்.

மறுநாள் அடக்கம். தேயிலைக்கு நடுவே போகிற பாதையில் பாடையைத் தூக்கிப் போனோம். பாதி வழியில் ஒரு காட்டெருமை குறுக்கே நின்றது. சங்கு நின்றது, பறை நின்றது, இருநூறு பேரும் தூறலில் அசையாமல் நின்றோம். அது நிதானமாக எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே ஏறிப் போனது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர், “அண்ணன்கிட்ட மனு குடுக்க வந்துருக்கும்” என்றார். சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை.

மயானத்து வேலிக்கு வெளியே புஷ்பமும் ஜெபக்கூட்டத்துப் பெண்களும் ஒதுங்கி நின்றார்கள். அண்ணனின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர். அவரிடம் புஷ்பம் மெல்ல வந்து, ஒரு பாட்டுப் பாடலாமா என்று கேட்டாள். “அப்பாவுக்குப் பிடிக்குங்க, பாடுங்க” என்றார் மகன். அவள் திரும்பிப்போய் மற்றவர்களோடு நின்றாள். வாயைத் திறந்தாள். அப்போது கோவிந்தராஜ் திரும்பிப் பார்த்தார். சும்மாதான் பார்த்தார். அவளுடைய வாய் மூடிக்கொண்டது. ஒருவருக்கொருவர் முகம் பார்த்தார்கள். அப்படியே கைகூப்பி நின்றுவிட்டுப் போனார்கள்.

இருபத்தைந்தாவது பிரிவுக்கு என்ன ஆனது என்று எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. எந்த அதிகாரியும் அங்கே இல்லை. எந்த உத்தரவும் இல்லை. நாங்கள்தான் இருந்தோம்.

வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். முதல்நாள் சாந்தாமணியிடம் சொன்னபோது ஸ்வெட்டரை எடுத்துக் கையில் கொடுத்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் கோவிந்தராஜும் மற்றவர்களும். அந்த ஓரத்தில் புஷ்பம், அவளை ஒட்டி ஜெனி, சால்வையை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அவர்கள் பக்கத்தில், இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வந்தால் அண்ணன் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு உட்கார வேறு இடம் இல்லாததால் அதில் உட்கார்ந்தேன். தைரியத்தால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மனுதாரர்களில் ஒருவன் என்ற முறையில் மனுவை நானே வாசிக்கிறேன் என்றேன். அதிகாரி தலையாட்டினார். பேரை மாற்றிப் படித்தேன். புஷ்பம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். ஜெபம் என்ற இடத்தில் எங்கள் வீட்டுச் சஷ்டிப் பாராயணத்தைப் போட்டேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள் யார் யார் என்று கணக்கெடுக்க வேண்டும், எதற்காகக் கூடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும், அனுமதி இல்லாமல் சாமி கும்பிட அனுமதிக்கக் கூடாது. படிக்கப் படிக்க என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. நானே தேர்ந்தெடுத்து அடித்த வார்த்தைகள், ஒவ்வொன்றும் என் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது. கோவிந்தராஜ் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் செல்போனைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

முடித்ததும் புஷ்பம் என்னைப் பார்த்து, “அவ்வளவுதானுங்களா?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதாம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஜெனி சால்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி கிளார்க்கைக் கூப்பிட்டார். அவரவர் வீட்டுக்குள் கும்பிடுவதற்கு இந்த ஆபீஸின் அனுமதி தேவையில்லை, சத்தம் மற்றவருக்கு இடைஞ்சல் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இது இரு தரப்புக்கும் பொருந்தும் என்று எழுதச் சொன்னார். முன்பு வாங்கிய கையெழுத்து செல்லாது என்றும் சேர்த்தார். வெளியே வந்ததும் கோவிந்தராஜ் என் தோளைத் தொட்டு, “ஏனுங்க, போனவரு உங்க மேல வந்து எறங்கிட்டாருங்களா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் ஜெராக்ஸ் எடுக்க மேட்டுக்கடைக்கு நடக்கிறார். ஏற்றம். மூச்சு வாங்குகிறதாம்.

அண்ணனின் சாசனத்தை மகன் எடுத்துப் போய்விட்டார். மடக்கு மேசையை அந்த இடத்துக்கு அடுத்து வந்தவர் வைத்துக்கொண்டார். என்னிடம் இருப்பது அவருடைய வேலைமுறை மட்டும்தான். செல்போனில் வருகிற எதையும் இப்போது பேரை மாற்றிப் படிக்கிறேன். பேச்சு, செய்தி, துணுக்கு, எல்லாம். இதனால் என் தொழில் படுத்துவிட்டது. முன்பு பத்து நிமிஷத்தில் எழுதும் நகைச்சுவைப் பக்கம் இப்போது ஒரு வாரம் ஆகிறது. எழுதும் பத்து ஜோக்கில் ஏழு, பேரை மாற்றினால் செத்துவிடுகிறது. ஒரு வரி எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தால், ‘அதான் பயமா இருக்கு’ என்ற அந்தக் குரல் கேட்கிறது. அந்தக் குரலையும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் டாம்பரின் கேட்கிறது. முன்னைவிடக் கொஞ்சம் தணிந்து. ஜெனி இன்னும் பள்ளிக்குப் போகவில்லை.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. கோழி வரி மனுவின் இரண்டாம் பக்கத்தில் முதல் வரியாக இருக்கிறது. வியாழக்கிழமை நான் பக்கத்தைத் திருப்பி, அதற்கு அடுத்த வரியிலிருந்து படித்தேன்.